காலாங் ஆற்றங்கரையில் தொண்டூழியர்களுடன் ஒரு காலை

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் எங்கள் வட்டாரத் தொண்டூழியர்கள் கட்டணமின்றி நடத்தும் ஆற்றங்கரை நடையில், சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பத்து வயது மகளுடன் கலந்துகொண்டேன். குப்பை பொறுக்குவதும் உயிரினங்களை அறிமுகப்படுத்துவதும் சேர்ந்த இரண்டு மணி நேர நிகழ்வு அது. கையுறை, இடுக்கி, பை எல்லாவற்றையும் அவர்களே தந்துவிடுகிறார்கள்.

அவர்கள் தரும் விளக்கத்துக்காகவே போகலாம். இங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாயாக நேராக ஓடிய காலாங் ஆறு, 2012இல் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, 3.2 கிலோமீட்டர் தூரம் வளைந்து நெளிந்து செல்லும் ஆறாகியிருந்தது. படித்து அறிந்த செய்திதான்; ஆனால், மண் அரித்துப் போகாமல் வேர்களும் கற்களும் கரையைப் பிடித்து நிறுத்தியிருப்பதை, ஓய்வுபெற்ற ஆசிரியரான எங்கள் வழிகாட்டி ஒரு புதரை விலக்கிக் காட்டியபோதுதான் கண்ணால் கண்டேன். சற்றுத் தள்ளி, ஒரு கல்லின்மேல் காய்ந்து கிடந்த எச்சத்தை அவர் குச்சியால் கிளறினார். உள்ளே மீன் செதில்கள் மின்னின. நீர்நாய்கள் தம் இருப்பை ஒன்றுக்கொன்று அறிவிப்பது இப்படித்தானாம். அன்று நீர்நாய் கண்ணில் படவில்லை என்றாலும் மகளுக்கு அந்தச் செதில்களே போதுமானதாக இருந்தன.

குப்பையில் நெகிழிப் புட்டிகளைவிட என்னை உறுத்தியது, நாணலில் சிக்கியிருந்த தூண்டில் நரம்பு. அதை இழுத்தால் செடியும் பிய்ந்துவிடும் என்று சொல்லி, ஓர் இளம் தொண்டூழியர் மண்டியிட்டுச் சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தார். நீர்நாயின் கழுத்திலோ பறவையின் காலிலோ சுற்றிக்கொண்டால் அந்த நரம்பு சதையை அறுத்துவிடும் என்பதால், கையளவு நரம்புக்காகக் கால் மணி நேரம் செலவிட்டதை நான் வீணாக நினைக்கவில்லை.

குறைகளும் உண்டு. ஒரே வழிகாட்டியின் பின்னால் முப்பது பேர் நடந்ததால், பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாதி விளக்கம் எட்டவில்லை. மழை பெய்தால் இந்த ஆற்றில் நீர் விரைவாக உயரும்; எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ சைரன் ஒலித்தாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்; பாதி வழியில்தான் சொன்னார்கள். விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், என் அம்மாவை அழைத்து வந்திருந்தால் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இதை வழிகாட்டியிடம் சொன்னேன். வழிகாட்டிப் பயிற்சிக்கு வரும்படி என்னையே அவர் அழைத்தார். பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.