தயாரான பிறகு அனுப்புவதா, அனுப்பிவிட்டுத் தயாராக்குவதா?

பள்ளியில் இருக்கும்வரை ஒரு மாற்றுத்திறனாளி மாணவருக்கு என்ன தேவை என்பதை ஆசிரியர், சிறப்பாசிரியர், பெற்றோர் என்று யாராவது முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்கள். பள்ளி முடிந்ததும் அந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது. கல்லூரியோ, வேலையோ, தனி வீடோ, இனி எதையும் அவரே கேட்டு வாங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தைக் கடக்க இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. முதலில் பயிற்சி கொடுத்து, தயாரானதும் வெளியே அனுப்புவது ஒன்று. நேராக உண்மையான இடத்தில் சேர்த்துவிட்டு, துணைக்கு ஆள் வைத்து அங்கேயே பழக்குவது இன்னொன்று. பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் எல்லா விஷயத்திலும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

வேலை

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். தொழிற்பயிற்சி மையத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே அவசரப்படுத்த மாட்டார்கள், தவறு செய்தால் வேலை போகாது, பெற்றோருக்கும் நிம்மதி. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டுபோவதுதான் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பலருக்கும் கடினமான பகுதி. மையத்தில் அழகாக அட்டைப்பெட்டி மடித்தவர், வேறு அறை, வேறு சத்தம், வேறு மேலாளர் என்று மாறியதும் திணறுவார். உடனே "இன்னும் தயாராகவில்லை" என்று திரும்ப அழைத்துக்கொள்வார்கள். தயார் என்பதற்கான அளவுகோல் இப்படித் தள்ளிக்கொண்டே போகும், இளமையும் அதோடு போய்விடும்.

மறுபக்கத்துக்கு வலுவான ஆதாரம் மனநலத் துறையிலிருந்து வருகிறது. தீவிர மனநல பாதிப்பு உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990களில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். வேலைக்குப் போக விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி பார்ப்பதில்லை. விரைவாக வேலை தேடித் தருவார்கள், சேர்ந்த பிறகும் துணை தொடரும். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துப் பல நாடுகளில் நடத்திய ஆய்வுகளில், முதலில் பயிற்சி என்ற பழைய வழியைவிட இதில்தான் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள். மற்ற எல்லாக் குறைபாடுகளுக்கும் இந்த முடிவை அப்படியே நீட்டிவிடக் கூடாது. ஆனாலும், தயாராகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையை இது நன்றாகவே அசைத்துவிட்டது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் தொடங்கிய 'புராஜெக்ட் சர்ச்' திட்டத்தில், அறிவுசார் மற்றும் வளர்ச்சிக் குறைபாடு உள்ள மாணவர்கள் பள்ளியின் கடைசி ஆண்டை மருத்துவமனைக்குள்ளேயே கழிக்கிறார்கள். பிரிவு பிரிவாக மாறி வேலை பழகுகிறார்கள். ஆசிரியரும், வேலையிடத்தில் கூடவே இருந்து பழக்கும் ஜாப் கோச்சும் அதே கட்டடத்தில் இருப்பார்கள். பழகுவதும் உண்மையான இடம், பள்ளியின் துணையும் கைவிட்டுப் போகவில்லை.

இரண்டாவது வழி தோற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஜாப் கோச் ஒதுங்கிக்கொள்ளத் திட்டம் இல்லாவிட்டால், மேலாளரும் சக ஊழியர்களும் அந்த இளைஞரிடம் நேரடியாகப் பேசவே மாட்டார்கள். நிதி முடிந்து கோச் திடீரென்று நின்றுவிட்டால் வேலையும் போய்விடும். கோச் முதல் வாரத்திலேயே சக ஊழியர் ஒருவரைப் பழக்க ஆரம்பிக்க வேண்டும்.

கல்லூரி

இங்கே முதல் வழிக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர், பிரெய்ல், வெள்ளைக் கோலோடு நடக்கும் பயிற்சி எல்லாம் கருவிகள். முதல் செமஸ்டர் பாடத்தோடு சேர்த்து இவற்றையும் கற்றுக்கொள் என்பது கொடுமை. பாடப்புத்தகத்தைப் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றவும் நாளாகும், அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆனால் ஆயத்த ஆண்டு என்ற பெயரில் ஓராண்டைக் கழிப்பதைவிட, பள்ளியில் இருக்கும்போதே தனக்கு என்ன வேண்டும் என்று தானே பேசப் பழகுவது மேல். அமெரிக்கச் சட்டப்படி 16 வயதுக்குள், பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்காக மாணவருக்குப் பள்ளி ஒரு மாறுதல் திட்டம் போட்டாக வேண்டும். ஆனால் அந்த மாணவருக்கென்று பள்ளி போட்டுவைத்த தனிக் கல்வித் திட்டம் கல்லூரியில் செல்லாது, மாணவரே தன் குறைபாட்டைச் சொல்லிச் சலுகை கேட்க வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய மாணவர்களுக்கென்று போடப்படும், 25 வயது வரை நீளக்கூடிய திட்டமும் பல்கலைக்கழக வாசலோடு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பிலேயே, பள்ளிக் கூட்டத்தில் அம்மாவுக்குப் பதிலாக அந்தப் பிள்ளை பேசட்டும்.

தனி வாழ்க்கை

சமைக்க, துவைக்க, கணக்குப் பார்க்கத் தெரிந்தால்தான் தனியாக இருக்கலாம் என்பது முதல் வழியின் நிபந்தனை. இதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதற்கு எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரின் கதை போதும். 14 வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மூச்சுக்கு இரும்பு நுரையீரல் இயந்திரம். கலிஃபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை, வேலைக்கு லாயக்கில்லாத அளவு ஊனம் என்று முதலில் உதவ மறுத்தது. அவர் 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். 1972இல் பெர்க்லியில், மாற்றுத்திறனாளிகள் சுயமாக வாழ உதவும் சுதந்திர வாழ்வு மையம் உருவானதில் முக்கியப் பங்கு அவருடையது. பின்னாளில் தன்னை மறுத்த அதே துறைக்கு இயக்குநரும் ஆனார்.

அவரால் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள முடியாது. எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, யார் போட்டுவிடுவது என்பதை அவர் தீர்மானித்தார். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும் இதைத்தான் பேசுகிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்குச் சமையல் தேர்வு எதுவும் அதில் இல்லை.

சரி, தனியாக வாழக் கற்றுத்தரும் பயிற்சி வீடே வேண்டாமா? மாத்திரையைச் சரியாக எடுப்பது, அடுப்பை அணைப்பது, ஆபத்தில் யாரை அழைப்பது எல்லாம் முன்பே பழக வேண்டியவைதான். இவற்றைச் சொந்த வீட்டிலேயே பழக்கலாம். பயிற்சி வீட்டில் பழகி, மறுபடி வேறு வீட்டில் புதிதாகப் பழகுவது சிலருக்கு இரட்டிப்புச் சிரமம். பணத்தையும் நம்பிக்கையையும் பிறர் சுரண்டிவிடுவார்களோ என்ற பெற்றோரின் பயம் நியாயமானது. அதற்காகப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாரந்தோறும் வந்து பார்க்கும் நம்பகமான இருவரை ஏற்பாடு செய்வதுதான் வழி. ஒருவர் மட்டும் போதாது, அந்த ஒருவரே தவறு செய்தால் யாருக்கும் தெரியாது.

ஏதாவது மையத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அறைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் இங்கிருந்து எத்தனை பேர் சம்பள வேலைக்கோ, கல்லூரிக்கோ, தனி வீட்டுக்கோ போனார்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்?