கிளாத்ரினுக்கு எந்த ஆன்டிபாடி: எக்ஸ்22-ஆ, டிடி.1-ஆ?

"கிளாத்ரின் ஆன்டிபாடி வாங்கணும், எது நல்லது?" என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: புரதத்தை எந்த நிலையில் பார்க்கப் போகிறீர்கள்? மடிப்புக் கலையாமலா, எஸ்டிஎஸ் என்ற சோப்பில் கொதித்து நீண்டு கிடக்கும்போதா?

செல் சவ்விலிருந்து சரக்கை உள்ளே கொண்டுவரும் பைகளைச் சுற்றிக் கூடை பின்னும் புரதம் கிளாத்ரின். மூன்று கால்கள், ஒவ்வொரு காலும் சுமார் 190 கிலோடால்டன் எடையுள்ள கனச் சங்கிலி, அதோடு ஒட்டிய ஓர் இலேசான சங்கிலி. பார்பரா பியர்ஸ் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பன்றி மூளையிலிருந்து இந்தப் பைகளைப் பிரித்தெடுத்து, 1976-இல் கிளாத்ரின் என்று பெயர் வைத்தார். அதே ஆய்வகத்தில்தான் 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து தரும் செல்களை உருவாக்கும் ஹைப்ரிடோமா முறையைக் கண்டுபிடித்தார்கள். அந்த முறையில் பின்னாளில் கிளாத்ரின் ஆய்வாளர் ஃபிரான்சஸ் பிராட்ஸ்கியின் குழு உருவாக்கியவைதான் எக்ஸ்22, டிடி.1 இரண்டும். இரண்டுமே எலி (மவுஸ்) மோனோகுளோனல்கள், அதாவது ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் கொண்டவை; கனச் சங்கிலியைப் பிடிப்பவை.

மைக்ரோஸ்கோப்புக்கு எக்ஸ்22-தான் என் தேர்வு. ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதச் செல்லில் போட்டால் சவ்வெங்கும் மணல் தூவியதுபோல் நுண்புள்ளிகள், உட்கருவின் பக்கம் கோல்கி அருகே அடர்ந்த கொத்து. பிரிந்துகொண்டிருக்கும் செல் ஒன்று கண்ணில் பட்டால் நிறுத்திப் பாருங்கள்: குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகள் மேலும் கிளாத்ரின் ஏறி உட்கார்ந்திருக்கும். புரதத்தைக் கரைசலிலிருந்து பிடித்திழுக்கவும் இதுவே.

எஸ்டிஎஸ்-இல் கொதித்த புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றிப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு டிடி.1. முதல் வருடம் எக்ஸ்22 ஒன்றை வைத்தே இரண்டையும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். மெம்பரேனில் உள்ள எல்லாப் புரதத்தையும் காட்டும் பான்சோ சாயத்தில் எல்லாப் பாதைகளும் சிவப்பாகத் தெரிந்தன. ஆன்டிபாடி போட்ட படத்தில் 190 கிலோடால்டன் இடத்தில் வெறுமை. பெரிய புரதம், ஜெல்லிலிருந்து மெம்பரேனுக்கு ஏறவில்லை போல என்று அந்த மாற்றத்தை (டிரான்ஸ்ஃபர்) இரவு முழுக்கக் குளிர் அறையில் ஓட விட்டேன். மறுநாளும் அதேதான். அப்புறம் பக்கத்து மேசை அக்கா கொஞ்சம் டிடி.1 கொடுத்தார், அதே மெம்பரேனில் அழகான ஒரே பட்டை. எக்ஸ்22 மடிப்புக் கலையாத கிளாத்ரினைத்தான் பிடிக்கும், டிடி.1 நீண்டு கிடப்பதையும் பிடிக்கும்.

பல ஆன்டிபாடிகளின் கலவையான முயல் பாலிகுளோனலுக்கும் ஓர் இடம் உண்டு. டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் போன்ற இன்னொரு புரதத்துக்கு ஏற்கனவே எலி ஆன்டிபாடி போடுகிறீர்கள் என்றால், அதே செல்லில் எக்ஸ்22-ஐயும் போட்டால், எலி ஆன்டிபாடிகளைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி எதையும் பிரித்தறியாது. முயல் அந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் தொகுதிக்குத் தொகுதி மாறும், புதுக் குப்பி வந்தால் பழையதோடு ஒப்பிட்டே தீர வேண்டும். மனிதத் தசைச் செல்லில் வேலை என்றால் இன்னும் கவனம்: அங்கே 22-ஆம் குரோமோசோமின் மரபணுவிலிருந்து வரும் இன்னொரு கனச் சங்கிலியும் இருக்கிறது, வழக்கமானதோடு நிறையவே ஒத்துப்போகும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, வேலையும் படம் எடுப்பது என்றால் எக்ஸ்22 வாங்கிக்கொள்ளுங்கள், பிளாட்டுக்கு டிடி.1 கடன் கேளுங்கள். எதை வாங்கினாலும் முதல் வாரமே கிளாத்ரின் உருவாவதைத் தடுக்கும் எஸ்ஐஆர்என்ஏ போட்டுப் பாருங்கள். கிளாத்ரின் சட்டென்று தீராது, அதனால் இரண்டு தவணை கொடுத்து மூன்று நாள் பொறுங்கள். அப்போது புள்ளிகள் மங்கவில்லை என்றால் அந்தக் குப்பியை வைத்து எந்தப் படமும் எடுக்க வேண்டாம்.