புதுக்கடையா, வாஷிங்டனா: எந்தக் கதவு இறுக்கம்?

அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரு மேன்முறையீட்டுத் தீர்ப்பை எடுத்துப் பார்க்க, ஒன்பது நீதியரசர்களில் நால்வர் சம்மதித்தால் போதும். மனுப்போட 90 நாள் தருவார்கள், மறுத்தால் பெரும்பாலும் காரணமே சொல்லமாட்டார்கள். ஒரே சட்டத்துக்கு இரண்டு மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் பொருள் சொல்லியிருந்தால் வாய்ப்புக் கூடும்.

இங்கே யாழ்ப்பாணத்தில், கதியாலை அரையடி தள்ளி நட்ட வேலி வழக்கு குடிசார் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்திலும் தோற்றுப்போனால், 42 நாளுக்குள் மேன்முறையீட்டு அனுமதி கேட்டு, கொழும்பு புதுக்கடையில் இருக்கும் நம்முடைய உயர் நீதிமன்றத்துக்கு ஓடவேண்டும் (பஸ் காசு தனி). அனுமதி கேட்கும்போது வேலி எங்கே நின்றது என்ற கதை எடுபடாது, முக்கியமான சட்டக் கேள்வி வேண்டும். ஆனால் இந்த மேன்முறையீடுகளை மேல் நீதிமன்றங்களுக்குக் கொடுத்த 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் ‘மீளாய்வுக்குத் தகுந்த விடயம்’ என்றும் ஒரு வழி விட்டிருக்கிறது. என் பார்வையில் நம்முடைய கதவுதான் கொஞ்சம் அகலம், நேரந்தான் குறைவு.