அம்பை பக்கம் கணக்கை எங்கே வைக்கலாம்? பல வருடப் புழக்கத்தில் கண்டது

அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பி வந்து குடியேறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என் பதில்: கடன் வாங்கும் இடமும் சேமிப்பைப் போடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கடனுக்கு எங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை விட மாட்டேன். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் பயிர்க்கடன் அங்கேதான். பங்குத்தொகை கட்டி உறுப்பினராகி, சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்களும் ஆதார் நகலும் கொடுத்தால் போதும். கடனில் ஒரு பகுதி மத்திய கூட்டுறவு வங்கிக் கணக்கில் பணமாக ஏறும், இன்னொரு பகுதி உரமாகக் கிடைக்கும். தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது, அதை அரசு ஏற்றுக்கொள்கிறது. நாள் தப்பினால் அந்தச் சலுகை போச்சு. சிறு விவசாயிக்கு இதைவிட நல்ல கடன் எங்கே இருக்கிறது?

குறையும் உண்டு. செயலாளர் ஒருவரே வேறு சங்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் சில நாள் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டும். நாற்று தயாராக நிற்கும்போது யூரியா இருக்காது. அணை திறந்த பிறகு ஓடாமல், முன்கூட்டியே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

இனி சேமிப்பு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சங்கத்தை ஊரில் 'விவசாய பேங்க்' என்றே சொல்கிறோம். ஆனால் அதில் போடும் டெபாசிட்டுக்கு வைப்புத்தொகைக் காப்பீடு, அதாவது வங்கி முடங்கினால் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் காப்பீடு, கிடையாது. மத்திய கூட்டுறவு வங்கி, கிராம வங்கி, தனியார் வங்கி, அரசு வங்கி எல்லாவற்றுக்கும் உண்டு: அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரிக்கு முன் 1 லட்சம்தான் இருந்தது. சங்கத்தில் வட்டி கொஞ்சம் கூட வருகிறதே என்று ஓய்வுப் பணம் முழுவதையும் அங்கே போடுகிற பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

என் சேமிப்பு தமிழ்நாடு கிராம வங்கியில். 2019-இல் பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் இணைந்து வந்தது இது. எங்களுடையது பழைய பாண்டியன் கணக்குதான். கவுண்டரில் நம் பாஷையில் பொறுமையாகப் பேசுவார்கள், அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. யுபிஐயும் இருக்கிறது. வியாபாரிகள் பலர் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட மெர்கன்டைல் வங்கியை விரும்புகிறார்கள், அதுவும் சரிதான்.

5 லட்சத்துக்கு மேல் இருந்தால் வேறு வேறு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். அம்பையில் கொஞ்சம், பாளையங்கோட்டையில் கொஞ்சம் என்று ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் உங்கள் பெயரிலேயே போட்டால், காப்பீட்டுக்கு இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள்.