கலவரச் செய்தி வந்தால் மலையகப் பயணம்: வருவதா, தள்ளிப்போடுவதா, பாதை மாறுவதா, ரத்து செய்வதா?

இலங்கை மலையகத்தில் நுவரெலியாவுக்கோ எல்லவுக்கோ டிக்கெட் எடுத்து, அறைக்கு முன்பணமும் கட்டிய பிறகு கொழும்பில் ஆர்ப்பாட்டம், கண்ணீர்ப்புகை, ஊரடங்கு என்று செய்தி வருகிறது. இப்போது உங்கள் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: சொன்ன தேதியில் வருவது, தள்ளிப்போடுவது, கொழும்பைத் தொடாமல் வேறு பாதையில் வருவது, மொத்தமாக ரத்து செய்வது. நான் ஹட்டன் பக்கம் இருப்பவன் என்பதால் சென்னையிலிருந்தும் கூடலூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். கூட்டம் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள், கோபம் யார் மேல் என்று பாருங்கள். அரசாங்கத்தின் மேல் என்றால் முதல் மூன்று வழிகளில் ஏதாவது ஒன்று பொருந்தும். ஒரு இனத்தின் மேல், ஒரு மதத்தின் மேல் என்றால் நான்காவது வழிதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

2022-ஐயும் 2018-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டருகே கூட்டம் கூடியது, ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு நின்றது, ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே நுழைந்தது, 14ஆம் தேதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். உலகமே பார்த்த காட்சி அது. மலையக டவுன்களிலும் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள், தோட்டத் தொழிலாளர்களும் வந்தார்கள். ஆனால் அந்தக் கோபம் முழுக்க ஆட்சியில் இருந்தவர்கள் மேல்தான், ஊர் பார்க்க வந்தவர்கள் மேல் அது திரும்பவில்லை. 2018 மார்ச்சில் நடந்தது நேர் மாறு. கொழும்பில் அலுவலகமும் பஸ்ஸும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க, கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 அன்று அவசரகாலநிலை அறிவித்தார்கள், கண்டியில் ஊரடங்கு. வெளியூரில் இருப்பவர்களுக்கு 2022 அளவுக்கு அது பெரிய செய்தியாகக்கூடத் தெரிந்திருக்காது. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ ஒரு முஸ்லிம் குடும்பம் அந்த வாரம் கண்டிக்கு வரலாமா என்று கேட்டால் என்ன சொல்வது? விமான டிக்கெட் பணம் மொத்தமும் போனாலும் பரவாயில்லை, வராதீர்கள் என்றுதான்.

ஆகவே "பிரச்சினை கொழும்பில்தான், மலையில் ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1983 ஜூலையில் நுவரெலியா டவுனில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததை எங்கள் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் அதற்கு முன்பும் பின்பும் அடிபட்டு வவுனியா பக்கம் போய்க் குடியேறியதும் இதனால்தான். மலை தன்னால் யாரையும் காப்பாற்றாது.

சரி, கோபம் அரசாங்கத்தின் மேல்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது சொன்ன தேதியில் வருவதா, தள்ளிப்போடுவதா?

இங்கேதான் பெரும்பாலானோர் தப்பான இடத்தைப் பார்க்கிறார்கள். கூட்டமும் கல்வீச்சும் மலைக்கு ஏறி வருமா என்று கேட்கிறார்கள், ஆனால் கொழும்புக் குழப்பம் எங்களிடம் வந்து சேருவது எரிபொருள், ரயில், ஊரடங்கு என்ற இந்த மூன்றின் வழியாகத்தான். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல், டீசல் என்று அரசாங்கம் அறிவித்தது. வேன்காரர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள், சமையல் எரிவாயு இல்லாமல் சாப்பாட்டுக் கடைகள் மூடின, கோதுமை மாவு விலை ஏறி தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளில் ரொட்டி சுடுவதே பெரும்பாடாகிவிட்டது, ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் சொன்ன தேதியில் வந்து நுவரெலியாவுக்குப் போக நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்கியவருக்கு யாரும் கெடுதல் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அறைக்குப் போக வண்டி கிடைத்திருக்காது, கூட வந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் தள்ளிப்போடுவதே மேல். வண்டிக்கு இவ்வளவு என்று அளந்து எரிபொருள் கொடுக்கும் கியூஆர் முறை வந்து வரிசைகள் குறைந்த பிறகு பயணம் ஓரளவு பழைய நிலைக்கு வந்தது. கொஞ்சம் பொறுத்தவர்களுக்குப் பணமும் போகவில்லை, பயணமும் போகவில்லை.

இன்னொரு பக்கம் 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். வாக்களிப்பு முடிந்த இரவு நாடு முழுக்க ஊரடங்கு போட்டு அடுத்த நாள் மதியம்வரை நீட்டித்தார்கள். ஊரடங்கு என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுப் பயணத்தை ரத்து செய்தவருக்கு நஷ்டம்தான் மிச்சம், ஏனென்றால் அடிதடி இல்லாமல் தேர்தல் முடிந்து அநுர குமார திசாநாயக்க பதவியேற்றார். 2018 அக்டோபர் 26க்குப் பிறகு நானே பிரதமர் என்று இரண்டு பேர் உரிமை கோரிக்கொண்டிருந்த வாரங்களும் அப்படித்தான், பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் பறந்தது, இங்கே கொழுந்து லொறி நேரத்துக்குப் போனது. இந்த இரண்டு சந்தர்ப்பங்களிலும் சொன்ன தேதியில் வருவதுதான் சரியான முடிவு. ஊரடங்கு எந்தக் காரணத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எரிபொருள் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல் இரண்டு நிலைமைகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் பலர் வரவேண்டிய நேரத்தில் வராமலும் வரக்கூடாத நேரத்தில் வந்தும் நிற்கிறார்கள்.

தள்ளிப்போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது சுற்றுலாக்காரர்களுக்கு விளங்காது. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீலகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இங்கே வருவது பெரும்பாலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, இல்லை பெரியம்மா போய்விட்டார் என்ற செய்தி கேட்டுத்தான். தேர் உங்களுக்காக அடுத்த மாதம் ஓடாது. ஆனால் இவர்களுக்குச் சுற்றுலாக்காரருக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. ஊரடங்கில் மாட்டினால் சொந்தக்காரர் வீட்டில் மாட்டுவார்கள், சோறு போட ஆள் இருக்கும், கூடுதலாக இரண்டு நாள் தங்கினால் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். ஹோட்டல் அறையில் மாட்டுபவர் ஒவ்வொரு இரவுக்கும் பணம் கட்ட வேண்டும். அதனால் ஒரே நாளில், ஒரே நிலைமையில், சித்தப்பா வீட்டுக்கு வருபவரை வா என்றும் ஹோட்டலுக்கு வருபவரைப் பொறு என்றும் நான் சொல்வேன்.

பாதை மாற்றுவது பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருக்கிறது, மலைக்கு வர நகரத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. வழக்கமான பாதை நிட்டம்புவவில் கண்டி வீதியில் ஏறி, கேகாலை, கடுகண்ணாவ வழியாக வரும். ஆனால் கொழும்பு கலங்கினால் முதலில் கலங்குவதும் அந்த வீதிதான். 2022 மே 9 அன்று பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டது நிட்டம்புவவில். அதற்கு முன்பு ஏப்ரல் 19 அன்று எரிபொருள் விலைக்காகக் கேகாலைக்கு அருகே ரம்புக்கனையில் வீதியையும் ரயில் பாதையையும் மறித்தவர்கள் மேல் பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். ரயிலில் வருவோர் இதை மறக்கக்கூடாது: ரம்புக்கனையில்தான் மலை ஏற்றம் தொடங்குகிறது, அங்கே பாதை மறிக்கப்பட்டால் கொழும்பிலிருந்து கண்டிக்கும் ரயில் இல்லை, பதுளைக்கும் இல்லை. இதற்கு மாற்றாகக் கட்டுநாயக்கவிலிருந்து திவுலப்பிட்டிய, கிரிஉல்ல வழியாகக் குருநாகல் போய், அங்கிருந்து கலகெதர ஊடாகக் கண்டிக்கு வரலாம். நேரம் கூடும், ஆனால் நிட்டம்புவவையும் ரம்புக்கனையையும் தொடாது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம், பிறகு ஏ9 வீதியில் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. ஒரு முழுப் பகலை வீதிக்கே கொடுக்க வேண்டும், ஆகவே சின்னப் பயணத்துக்கு இது வேண்டாம், ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்கள் தாராளமாக யோசிக்கலாம். எந்த மாற்றுப் பாதைக்கும் மழைதான் எதிரி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் சிதைத்துவிட்டுப் போனது, ஆகவே பாதை மாற்றும்போது அரசியலோடு மண்சரிவு எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

இடையில் ஒன்று. தலவாக்கலையிலோ ஹட்டனிலோ தோட்டத் தொழிலாளர்கள் வீதியில் உட்கார்ந்திருந்தால் பயந்து திரும்ப வேண்டாம். நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது, 2024இல்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் குடிக்கும் தேயிலையைப் பறித்த கைகள்தான் அந்தப் பதாகையையும் பிடித்திருக்கின்றன.

ரத்து செய்வதற்கு வருவோம். பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன், பணம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தப் பத்திரத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பயமாக இருக்கிறது என்று நீங்களே ரத்து செய்தால் சாதாரணக் காப்புறுதியில் பணம் கிடைப்பது கஷ்டம். குழப்பம் தொடங்கிய பிறகு எடுத்த காப்புறுதி அந்தக் குழப்பத்துக்குப் பொருந்தாது என்பதும் வழக்கம். உங்கள் நாட்டு அரசாங்கம் போகாதே என்று எச்சரித்த பிறகும் வந்தால் காப்புறுதியே செல்லாமல் போகலாம். 2022 ஜூலையில் பிரித்தானியா அத்தியாவசியம் இல்லாமல் இலங்கைக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்தபோது மலையகம் அமைதியாக இருக்கிறதா என்று தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை, தீவு முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை. லண்டன் சொந்தங்களுக்கு அந்த ஒரு காரணமே தள்ளிப்போடப் போதும். விமான நிறுவனமே பறப்பை ரத்து செய்தால் கதை வேறு, பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு, அதனால் அவசரப்பட்டு நீங்கள் முந்திக்கொண்டு ரத்து செய்யாதீர்கள்.

ரத்து செய்தால் இங்கே யாருக்கு வலிக்கும் என்றும் சொல்கிறேன். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் குதிரை ஓட்டுபவர், கிரகரி வாவியில் படகு வைத்திருப்பவர், வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடும் குடும்பம், நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தை நம்பி டீக்கடை போடுபவர், இவர்களுக்கு அந்தச் சில மாத வருமானம்தான் வருஷத்துக்கும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு பயணிகள் நின்றுபோய், மூச்சுவிடும் நேரத்தில் கொரோனா வந்து, அது முடிவதற்குள் 2022 வந்தது. எனக்கு அவர்கள் மேல் உள்ள அக்கறை சின்னது இல்லை. இருந்தாலும் அந்தக் காரணத்துக்காக ஆபத்து இருக்கும்போது வாருங்கள் என்று யாரையும் கூப்பிட மாட்டேன், கூப்பிடவும் கூடாது. ரத்து செய்ய நினைத்தவர்கள் தேதியை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். வீட்டு அறை வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், முன்பணம் அவர்களிடம் இருக்கட்டும், அறை உங்களுக்காக இருக்கும்.

நிலைமையை விசாரிக்கும்போது "பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். அறை கொடுப்பவர் "ஒரு பிரச்சினையும் இல்லை, வாங்க" என்பார், பயந்த சொந்தக்காரர் "ஐயோ வேண்டாம்" என்பார். ஒரு வேன் ஓட்டுநரிடமோ பள்ளிக்கூட ஆசிரியரிடமோ இப்படிக் கேளுங்கள்: இன்று பள்ளிக்கூடம் நடந்ததா, டவுனில் கடை திறந்திருக்கிறதா, கொழும்பு பஸ் வந்ததா, பெற்றோல் வரிசை எவ்வளவு தூரம், ரயில் பகிஷ்கரிப்பு, அதாவது வேலைநிறுத்தம், என்று ஏதாவது பேச்சு உண்டா. இந்தப் பதில்கள் வந்தால் முடிவு தானாக வரும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு கேட்டால் போதும், ஒரு மாதம் முன்பே செய்தி பார்த்துப் பதறி முடிவெடுப்பதில் பயன் இல்லை, இங்கே நிலைமை அதைவிட வேகமாக மாறும்.

வருவதென்று முடிவு செய்தவர்கள் திரும்பிப் போவதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கடைசி இரவை மலையில் வைக்காமல் விமான நிலையத்துக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஊரடங்குகளில் விமான டிக்கெட்டைக் காட்டினால் கட்டுநாயக்க போக விட்டார்கள், ஆகவே டிக்கெட்டைக் காகிதத்தில் அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வையுங்கள். தொடர்புக்கு வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம், 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள். ஓட்டுநர், அறைக்காரர், சொந்தக்காரர் இவர்களின் சாதாரணத் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கூடவே பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சுற்றுலா உதவிக்கு 1912.