நெஞ்சுக் கவசம்: சில சீசன்கள் ஓடிய பிறகு உள்ளே என்ன மிஞ்சுகிறது

நெஞ்சுக் கவசம் இன்னும் தாங்குமா என்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் துணியைத்தான் பார்க்கிறார்கள். கிழியவில்லை, பக்கிள் உடையவில்லை, அப்படியானால் இன்னும் ஒரு சீசன் ஓடும் என்று பையில் போட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் துணிதான் கடைசியில் போகும். முதலில் எலாஸ்டிக் பட்டை தளரும். அதற்குப் பிறகு, கண்ணுக்கே தெரியாமல் உள்ளே இருக்கும் ஃபோம் உயிரை விடும். வெளியே புதுசு போலப் பளபளக்கும் கவசம் உள்ளே வெறும் மெத்தை உறையாக இருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். கவசத்தை மேசையில் படுக்க வைத்து, அதிகம் அடிபடும் இடத்தில் கட்டைவிரலை வைத்து 10 விநாடி நன்றாக அழுத்திவிட்டு எடுங்கள். அதே கவசத்தில் அடியே படாத ஒரு மூலையில், தோள்பட்டைக்குப் பக்கத்திலோ கீழ் விளிம்பிலோ, அதே அளவு அழுத்திப் பாருங்கள். மூலையில் குழி சட்டென்று மறைந்து நடுவில் மட்டும் விரல்தடம் தங்கினால் அந்த இடத்து ஃபோம் களைத்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு கவசத்தோடு ஒப்பிட வேண்டாம். நைட்ரைல் கலந்த சில ஃபோம்கள் புதிதாக இருக்கும்போதே மெதுவாகத்தான் எழும்பும். ஒரே கவசத்தின் இரண்டு இடங்களை ஒப்பிட்டால்தான் விஷயம் தெரியும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் வாங்கிய அன்றே தடிமனை அளந்து உள்பக்க லேபிளில் எழுதிவையுங்கள். வெர்னியர் அளவுகோலின் தாடைகளை ஃபோமின் மேல் நேரடியாக வைத்தால் அவை உள்ளே புதைந்து தப்பான அளவு காட்டும். இரண்டு பக்கமும் தட்டையான மரச்சில்லு வைத்து, அதன் மேல் அளந்து, சில்லுகளின் தடிமனைக் கழித்துவிடுங்கள். நெஞ்சின் நடு, இடது விலா, வலது விலா, மேல் வயிறு என நான்கு இடங்கள் போதும். 20 மி.மீ. இருந்தது 18-க்கு இறங்கினால் எங்கள் கணக்கில் அது போட்டிக்கு ஆகாது.

2 மி.மீ.க்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். ஃபோம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. அடி விழுந்ததும் முதலில் கொஞ்சம் விறைத்து நிற்கும். பிறகு அறைச் சுவர்கள் மடிந்து மடிந்து விட்டுக்கொடுக்கும். அடியின் வேகம் கரைவது இந்தக் கட்டத்தில்தான். அறைகள் எல்லாம் நசுங்கி முடிந்துவிட்டால் அதற்கப்புறம் அது ஃபோமே இல்லை, வெறும் ரப்பர் தகடு. மிச்ச விசை அப்படியே விலாவுக்குப் போகும். அடர்த்தியைப் பொறுத்து மாறினாலும், 20 மி.மீ. ஃபோமில் ஏறக்குறைய 14 மி.மீ.தான் இப்படி அமுங்கிக்கொடுக்கிற தூரம். தேய்ந்துபோகும் 2 மி.மீ. அந்த 14-லிருந்துதான் போகிறது. போதாததற்கு, அறைச் சுவர்கள் ஏற்கெனவே மடிந்து பழகியிருப்பதால் மிச்சமிருக்கும் தூரத்திலும் எதிர்ப்பு குறைந்திருக்கும்.

அடியின் தன்மையும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஆண்கள் கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம். அது மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நெஞ்சில் மோதினால் சுமார் 75 ஜூல் ஆற்றல், ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில் வந்து இறங்குகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும். டேக்வாண்டோ உதை அப்படி இல்லை. அதில் வேகம் குறைவு, பின்னால் வரும் எடை அதிகம், படும் பரப்பும் அதிகம். பந்துக்கு எதிராக முதலில் வேண்டியது விசையைப் பரப்பிவிடும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. ஃபோம் அதற்குப் பின்னால் வருவது. உதைக்கு வேண்டியது தடிமனான, அகலமான ஃபோம். தற்காப்புக் கலைக்கு வாங்கிய கவசத்தை வேகப்பந்துக்கு முன்னால் போட்டு நிற்பது ஆபத்து. தகடு வைத்த கவசத்தோடு சண்டைப் பயிற்சி செய்தால் எதிராளியின் கால்விரல்தான் உடையும்.

டேக்வாண்டோவில் அணியும் நெஞ்சுக் கவசமான ஹோகுவில் தேய்மானம் எப்போதும் ஒரே மாதிரி வரும். சுற்று உதை அதிகம் விழும் இரண்டு பக்கவாட்டும் முதலில் மெலியும். நடு நெஞ்சு நன்றாகவே இருக்கும். வலது பக்க விலாவுக்குக் கீழே கல்லீரல், இடது பக்கம் மண்ணீரல். ஆகவே சோதனையையும் பக்கவாட்டிலிருந்தே தொடங்க வேண்டும். முதுகில் பெருக்கல் குறி போலக் கட்டும் கயிறு வியர்வையில் நனைந்து நீளும். வார்ம்-அப் முடிந்ததும் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஹோகுவுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விட்டால், உதை முதலில் ஹோகுவை அடிக்கும், ஹோகு பிறகு உங்களை அடிக்கும். சென்சார் வைத்த எலக்ட்ரானிக் ஹோகுவை மடித்துப் பையில் திணிக்கவே கூடாது. மடிப்பு விழும் இடத்தில் உள் இணைப்பு அறுந்துபோகும்.

கிரிக்கெட் செஸ்ட் கார்டில் அதிகம் நடக்கும் தப்பு, பக்கம் மாறிப்போவது. வலது கை பேட்ஸ்மேனுக்குப் பந்துவீச்சாளர் பக்கம் திரும்பியிருப்பது இடது நெஞ்சும் இடது விலாவும். இடது கை ஆட்டக்காரருக்கு நேர்மாறு. இரண்டு பக்கமும் மாற்றிப் போடக்கூடியது என்று தெளிவாகச் சொல்லாத கார்டை அணிக்குள் கைமாற்றிக்கொள்ளாதீர்கள். தகட்டை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நிறத் தகட்டில் வெளிர் வெள்ளைக் கோடோ வெள்ளைத் தழும்போ தெரிந்தால் பிளாஸ்டிக் அங்கே வளைந்து களைத்திருக்கிறது. விரிசல் வரப்போவதும் அதே இடத்தில்தான். பெரும்பாலும் ரிவிட் ஓட்டையைச் சுற்றியும் மடியும் கோட்டிலும் இது தொடங்கும். டேப் ஒட்டிச் சமாளிக்க முடியாது, தகட்டை மாற்றத்தான் வேண்டும்.

மண் தடத்தில் ஓடும் பைக் பந்தயமான மோட்டோகிராஸில் பலரையும் ஏமாற்றுவது கல்தடுப்பு. முன் வண்டியின் சக்கரம் தெறிக்கவிடும் கல்லைத் தடுக்க மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த மேல்சட்டை அது. அதற்கான ஐரோப்பியத் தரம் இஎன் 14021. விழும்போது காக்கும் கவசம் வேறு: நெஞ்சுக்கு இஎன் 1621-3, முதுகுக்கு இஎன் 1621-2. முதுகுக் கவசச் சோதனையில் 50 ஜூல் அடி கொடுத்து மறுபக்கம் வரும் விசையை அளக்கிறார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 9-க்குள் இருந்தால் லெவல் 2. விசை பாதியாகிறது என்பதால், எடையும் புழுக்கமும் கூடினாலும் லெவல் 2-க்கே எங்கள் ஓட்டு. லேபிளில் எண் இல்லாமல் “ஹெவி டியூட்டி” என்று மட்டும் அச்சடித்திருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

குதிரையேற்ற உடுப்புக்குத் தரம் இஎன் 13158. அதில் 3-ஆம் நிலைதான் அதிகப் பாதுகாப்பு. இந்த ஃபோம் குளிரில் விறைக்கும், உடல் சூட்டில் இளகி உடம்போடு ஒட்டும். ஆகவே போட்டவுடனே அளவை முடிவு செய்யாமல் 10 நிமிடம் அணிந்திருந்து, பிறகு பட்டைகளை மறுபடி சரிசெய்ய வேண்டும். விழுந்து எழுந்த பிறகு உடுப்பைக் கழற்றி, பள்ளம் விழுந்த இடத்தைக் குறித்துவைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பள்ளம் அப்படியே இருந்தால் அந்தப் பகுதி இனி அடியைத் தாங்காது.

மெதுவாக வளைத்தால் வளைந்து, அடிபட்டால் அந்த நொடியில் இறுகும் டி3ஓ வகைத் தகடுகள் மெல்லியவை, சட்டைக்கு அடியில் தெரியாது, நாள்பட அணியவும் சுகமானவை. ஆனால் வெப்பநிலை மாறினால் அவற்றின் குணமும் மாறும். கடும் வெயிலிலோ உறைபனியிலோ விளையாடுபவர்கள், மோட்டார்சைக்கிள் தரத்துக்கான லேபிளில் டி+ (40 டிகிரி), டி- (மைனஸ் 10 டிகிரி) குறிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதயம் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தவறான நம்பிக்கை உயிரை எடுக்கிறது. விலா உடையாமல், தோலில் காயமே இல்லாமல், நெஞ்சில் பட்ட ஒரு பந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் நிலை உண்டு. மருத்துவத்தில் கொமோஷியோ கார்டிஸ் என்பார்கள். இதயத் துடிப்பின் ஒவ்வொரு சுற்றிலும் வரும், மில்லிவிநாடிகளில் அளக்கும் ஒரு குறுகிய இடைவெளியில் அடி விழுந்தால் இது நேரும். பன்றிகளில் செய்த சோதனைகளில் மணிக்கு சுமார் 64 கி.மீ. வேகப் பந்தே மிக ஆபத்தானதாக இருந்தது. அது சிறுவர்கள் எறியும் வேகம்தான். நெஞ்சுச் சுவர் இன்னும் இளகியிருக்கும் பதின்வயதினரையே இது அதிகம் தாக்குகிறது. பழைய கவசங்கள் பல இதைத் தடுக்கவில்லை. கவசம் அணிந்திருந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் விளையாட்டுக் கவசங்களுக்குத் தரம் வகுக்கும் நோக்சே அமைப்பு என்டி200 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கேட்சர்களுக்கு 2020 முதல் இந்தத் தரமுள்ள நெஞ்சுக் கவசம் கட்டாயம். பிள்ளைக்குப் பந்து விளையாட்டுக்கான கவசம் வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டிய முத்திரை இதுதான். அது இருந்தாலும் ஆபத்து குறையுமே தவிர அறவே போகாது. அடிபட்டவர் சுருண்டு விழுந்து அசையாமல் கிடந்தால் மூச்சு அடைத்துவிட்டது என்று காத்திருக்காமல் உடனே நெஞ்சழுத்தம் (சிபிஆர்) தொடங்கி, மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் ஏஇடி கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

அளவு எடுப்பதற்கு நெஞ்சுச் சுற்றளவு மட்டும் போதாது. கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரையான நீளம்தான் பலருக்குப் பொருந்தாமல் போகிறது. மேல் விளிம்பு கழுத்துக் குழிக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும், கீழ் விளிம்பு கடைசி விலாவை மூட வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். கவசம் தொண்டையில் இடித்தால் தோள்பட்டை நீளம் தவறு. கைகளை இறக்கியபோது பழைய இடத்துக்கு வராவிட்டால் இடுப்புப் பட்டை தளர்வு. குந்தி எழுந்து பாருங்கள், முழு மூச்சு இழுத்துப் பாருங்கள். மூச்சு முட்டும் கவசத்தை ஆட்டக்காரர் நடுவிலேயே தளர்த்திவிடுவார், அப்புறம் அது இருந்தும் பயனில்லை. வளர்கிற பிள்ளைக்கு அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, கவசத்துக்குச் சரியில்லை. பெரிய கவசம் சுழலும். சுழன்றால் விளிம்பு விலாவில் வெட்டும்.

பராமரிப்பில் வெயிலும் சூடும்தான் பெரிய எதிரிகள். மூடிய காரின் டிக்கியில் கோடை நாள் முழுக்கக் கிடந்த ஈவிஏ என்ற பிளாஸ்டிக் வகை ஃபோம், மேலே இருந்த பையின் கனத்திலேயே நிரந்தரமாக அமுங்கிவிடும். வெதுவெதுப்பான 1 லிட்டர் தண்ணீரில் சில சொட்டு மென்மையான சோப்பு விட்டு, துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடி துடைத்தால் போதும். வாஷிங் மெஷின், பிளீச், தின்னர் எதுவும் வேண்டாம். உலர்த்தும்போது கொடிக்கயிற்றில் மடித்துப் போடாமல் அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். கயிற்றுத் தடம் விழுந்த இடத்தில்தான் ஃபோம் பிளக்கும். வெல்க்ரோவில் சிக்கிய நூலையும் முடியையும் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்தாலே பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். ஒட்டியபின் இரண்டு விரலால் இழுத்ததும் கழன்றால் வெல்க்ரோவை மாற்றித் தைக்கலாம். எலாஸ்டிக்கும் அப்படியே. இந்த இரண்டையும் தைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபோமை வெட்டி வேறு ஃபோம் வைப்பதும், தகட்டில் புது ஓட்டை போடுவதும் கவசத்தின் சோதனைத் தரத்தையே இல்லாமல் ஆக்கிவிடும்.

வாரத்துக்கு நான்கைந்து நாள் பயிற்சி செய்பவர்கள் முடிந்தால் இரண்டு கவசங்களை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. அமுங்கிய ஃபோம் மீண்டு எழ நேரம் வேண்டும். மறுநாள் வரை ஓய்வு கிடைக்கும் கவசம் மெதுவாகத்தான் களைக்கிறது. பெரிய அடி எதுவும் படாவிட்டாலும் 3 முதல் 5 ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள். ஃபோம் வயதாலும் விறைக்கும். தையல் ஓரத்தில் மாவு போலப் பொடி உதிர்ந்தால் அந்தக் கெடுவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒதுக்கிய கவசத்தை அப்படியே குப்பையில் போடவோ, “பயிற்சிக்கு ஆகும்” என்று இளையவர்களுக்குக் கொடுக்கவோ கூடாது. பட்டைகளையும் பக்கிள்களையும் உதிரிக்காக எடுத்து வைத்துக்கொண்டு, நெஞ்சுப் பகுதியைக் கத்தியால் குறுக்கே இரண்டாக வெட்டிவிட்டுப் போடுங்கள்.