ஸ்கீமா இணையத் தரவகம்: ஒரு மதிப்பீடு
மனச்சிதைவு நோயின் மரபணுக் காரணிகளைத் தேடும் மாணவர்களுக்கு, அமெரிக்காவின் பிராட் நிறுவனம் வெளியிட்டுள்ள ஸ்கீமா தரவகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நோயாளிகள் 24,248 பேரின் எக்ஸோம் (மரபணுத்தொகுதியில் புரதங்களுக்கான குறிப்புகளைக் கொண்ட பகுதி) வரிசைகளை ஒப்பீட்டுக் குழுவினர் 97,322 பேருடையவற்றோடு ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வின் முடிவுகளை, கட்டணம் ஏதுமின்றி இதில் பார்க்கலாம். கிரின்2ஏ என்ற மரபணுவைத் தேடினால், புரதத்தை முடக்கும் அரிய மாற்றங்கள் இரு தரப்பிலும் எத்தனை காணப்பட்டன என்பது அட்டவணையாகக் கிடைக்கிறது. நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளுக்கு மூளையில் உள்ள ஏற்பியில் ஒரு பகுதியை உருவாக்கும் இம்மரபணு, வலுவான புள்ளியியல் சான்று பெற்ற பத்து மரபணுக்களில் ஒன்றாக இருப்பது, குளூட்டமேட் செயல்பாட்டின் குறைபாடு இந்நோயில் பங்கு வகிக்கிறது என்று நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் குளூட்டமேட் கருதுகோளுக்கு வலுச் சேர்க்கிறது. இவ்வளவு அரிய தரவைப் பொதுவில் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால், பலரிடமும் காணப்படும் சிறு விளைவுள்ள மரபு வேறுபாடுகளை அறிய, உளநோய் மரபணுவியல் கூட்டமைப்பின் தரவையே நாட வேண்டும்.